மஞ்சள் தண்ணீரில் நனைத்த கத்தி

ஒசூரில் நான் முதலில் ஏறிய பஸ் எனக்கான பஸ்ஸே இல்லை. வெள்ளை வண்டி, ஜன்னலுக்குத் திரை, சாய்ந்துகொள்ள நல்ல இருக்கை. மலேசியாவில் ஈப்போவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் பஸ் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்பதால் யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன். எல்லோர் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கியது. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டரே இல்லை.

பக்கத்து இருக்கைப் பெண் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "எந்த கம்பெனி மேடம்?" என்றாள்.

"தளி ரோட்டுக்குப் போகணும்."

"இது ஷிப்ட் பஸ்ஸு. சிப்காட்டுக்குப் போவுது" என்று சொல்லிவிட்டு, முன்னால் பார்த்துக் குரல் கொடுத்தாள். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, கன்னடத்தில் கொஞ்சம் தெலுங்கில் கொஞ்சம் திட்டினார். கடைசியில் தமிழில், "பாத்து எறங்கும்மா, பின்னாடி லாரி வருது" என்றார். திட்டு எதுவும் எனக்குப் புரியாததால் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

நான் பிறந்தது, வளர்ந்தது, சம்பளம் வாங்குவது எல்லாம் மலேசியாவில். ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பூச்செடிகளுக்கு வரும் நோய்களைப் பார்ப்பது வேலை. பெங்களூரில் ஒரு கருத்தரங்குக்காக வந்திருந்தேன். அது முடிந்ததும் வீடு திரும்பாமல் எல்லை தாண்டி ஒசூருக்கு வந்ததற்குக் காரணம் ரீட்டா.

ரீட்டா கல்லாவியில் பிறந்தவள். கணவர் ஒசூரில் தொழிற்சாலைப் பணியாளர். தளி ரோட்டில் பிளாஸ்டிக் கூரை வேய்ந்த இரண்டு பாலிஹவுஸ் போட்டு, ரோஜா ஒட்டுச்செடி தயாரித்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறாள். போன வருஷம் பூ வளர்ப்பவர்களுக்காக நான் தமிழில் இணைய வழியில் ஒரு வகுப்பு எடுத்தேன். அதில் அதிகம் கேள்வி கேட்டவள் அவள்தான். அதற்குப் பிறகு இலையில் ஒரு புள்ளி விழுந்தாலும் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுவாள். நான் பெங்களூரில் இருந்தபோது வந்த படத்தில் ஒரு செடியின் அடித்தண்டில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி. கூடவே குரல் பதிவு.

"அக்கா, இவ்வளவு பக்கத்துல வந்துட்டு போயிடாதீங்க. வியாழக்கிழமை நாலாயிரம் செடி அஞ்செட்டி பக்கம் போகுது. முனியப்பான்னு ஒரு விவசாயி, பாத்தி எல்லாம் கட்டி வச்சிட்டு காத்துகினு இருக்காரு. அனுப்பலாமா வேணாமான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

ஒரு வார்த்தை சொல்வது என் தொழிலில் எளிது. அதற்குத்தான் கூப்பிடுவார்கள், அதற்குத்தான் காப்பியும் கொடுப்பார்கள். வியாழனுக்கு மூன்று நாள் இருந்தது.

திங்கட்கிழமை மதியம் ரீட்டா வீட்டில் ராகிக் களியும் கீரைக் குழம்பும். களியை நான் பக்குவமாக மென்று கொண்டிருந்தேன். ரீட்டா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, களிய மெல்லக் கூடாது. கிள்ளி, கொழம்புல தோச்சி, அப்படியே முழுங்கணும்" என்றாள். ஐம்பது வயதில் சாப்பிடக் கற்றுக்கொண்டேன். முழுங்கினால் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

பாலிஹவுஸுக்குள் போனதும் எங்கள் ஊர் நினைவு வந்தது. கேமரன் மலையிலும் மலைச்சரிவெல்லாம் இதே பிளாஸ்டிக் கூரைதான். ஆனால் அங்கே பனி சொட்டும். இங்கே மதியத்தில் உள்ளே நுழைந்தால் மூக்குக் கண்ணாடி வியர்க்கிறது. ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி முனிரத்னம்மா. என்னிடம் தமிழில் கேள்வி கேட்பார். நான் சொன்ன பதிலைத் தெலுங்கில் மற்றவர்களுக்குச் சொல்வார். அதன் மேல் கன்னடத்தில் ஏதோ சொல்ல எல்லோரும் சிரிப்பார்கள். கேலி எல்லாம் கன்னடத்தில்தான் நடக்கும் என்று ரீட்டா பிறகு சொன்னாள்.

ரீட்டா காட்டிய பழைய செடிகளின் அடியில் மண்ணை விலக்கிப் பார்த்தேன். கட்டிகள் இருந்தன. சில செடிகளில் கட்டியை அறுத்து எடுத்துவிட்டு ஏதோ பசை தடவியிருந்தார்கள். அறுத்த இடத்தைச் சுற்றிப் புதிதாக இரண்டு மூன்று கட்டிகள்.

"யார் அறுத்தது?"

"நாங்கதான். அசிங்கமா இருந்துச்சு, எடுத்துட்டோம்" என்றார் முனிரத்னம்மா.

இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா இதைச் செய்கிறது. அதற்குக் கண் இல்லை, காது இல்லை. ஆனால் ரோஜாவில் காயம் பட்டால் அதற்குத் தெரிந்துவிடும். காயத்திலிருந்து கசியும் சாற்றில் உள்ள சில பொருட்களை மோப்பம் பிடித்து அந்த இடத்துக்கு வந்து சேரும். செடி தன் காயத்தை ஆற்றத்தான் அவற்றைக் கசிய விடுகிறது. வேண்டாத விருந்தாளிக்கும் அது அழைப்பாகப் போய்விடுகிறது. வந்த பாக்டீரியா செடியின் உயிரணுக்களின் வேலையையே மாற்றிக் கட்டியாக வளர்க்கிறது. அந்தக் கட்டிக்குள் தனக்கென்று ஒரு சாப்பாட்டையும் செடியை வைத்தே சமைக்க வைக்கிறது.

எனக்கு இதில் எப்போதும் வியப்பான விஷயம் அடுத்தது. அந்தச் சாப்பாட்டை ருசித்த பிறகுதான் பாக்டீரியாக்கள் தங்களுக்குள் பேசவே ஆரம்பிக்கின்றன. பேச்சு என்றால் சத்தம் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு துளி ரசாயனத்தை வெளியே விடும். கூட்டம் சேரச் சேர அந்த ரசாயனமும் சேரும். ஓர் அளவைத் தாண்டியதும், நாம் போதுமான பேர் இருக்கிறோம் என்று எல்லாவற்றுக்கும் தெரியும். உடனே கட்டி உண்டாக்கும் வித்தையைப் பக்கத்தில் இருக்கும் சாதுவான பாக்டீரியாக்களுக்கும் கற்றுக்கொடுத்துவிடும். ஆக, அவற்றின் பேச்சைத் தொடங்கி வைப்பதே செடியிலிருந்து வரும் பொருள்தான். பேச்சை அடக்குவதற்கும் சில செடிகளிடம் பொருள் உண்டு. இருபது வருஷமாக நான் படிப்பது இதைத்தான்.

"அறுக்காதீங்க. அறுத்தா புதுக் காயம். புதுக் காயம்னா திரும்பவும் கூப்பிடும்" என்றேன்.

முனிரத்னம்மா இதைத் தெலுங்கில் சொன்னார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒசூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் தட்டு இட்லி. ஓர் இட்லி ஒரு சின்னத் தட்டின் அகலம். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். அடுத்த மேஜையில் சாப்பிட்ட தென்மாவட்டத்துக்காரர் ஒருவர், "ஏழு வருஷமா இங்கதான் இருக்கேன், இந்தச் சாம்பார மட்டும் இன்னும் மன்னிக்க முடியல" என்று நண்பரிடம் சொல்லிக்கொண்டே இரண்டாவது முறை சாம்பார் கேட்டு வாங்கினார். இந்தத் தடவை சரியான பஸ்ஸில் ஏறினேன். நடைபாதையில் ரோஜாக் கட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி நிறுத்தியிருந்ததால் எல்லோரும் பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது.

அன்று ஒட்டுக் கட்டுவதை முதலிலிருந்து பார்க்க உட்கார்ந்தேன். ஒவ்வொருத்திக்கும் சொந்தக் கத்தி. பிடியில் நெயில் பாலிஷால் ஓர் அடையாளம். ஒருத்தி கத்தியை இன்னொருத்தி தொடமாட்டாள். அது கை மாறினால் ஒட்டுப் பிடிக்காது என்பார்கள். சுத்தம் என்று பார்த்தால் மிக நல்ல வழக்கம். மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன். அடிச்செடியின் பட்டையைக் கீறி, மொட்டுச் சீவலைச் செருகி, சுற்றிக் கட்டினார்கள். ஒவ்வொரு செடி முடிந்ததும் கத்தியை நடுவில் இருந்த பக்கெட்டில் ஒரு முறை முக்கி எடுத்தார்கள். ஆறு கத்திக்கும் ஒரே பக்கெட். உள்ளே இருந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"இது என்ன மருந்து?"

ரீட்டாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க சொன்னதுதான் அக்கா. மஞ்சத் தண்ணி."

போன வருஷ வகுப்பு நினைவுக்கு வந்தது.

அந்த வகுப்பில் நான் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினேன். அதில் வளர்ந்திருந்தது ஊதா நிற பாக்டீரியா. கூட்டம் சேர்ந்து பேசிக்கொண்டால்தான் அதற்கு ஊதா நிறம் வரும். தட்டின் நடுவே மஞ்சள் சாறு வைத்திருந்தேன். அதைச் சுற்றி மட்டும் ஊதா மறைந்து வெள்ளை வட்டம். "பாருங்க, நம்ம வீட்டு மஞ்சள் பாக்டீரியாவோட வாயை அடைச்சிருச்சு" என்றேன். கைதட்டும் படங்கள் திரை முழுக்கப் பறந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த வாக்கியத்தைச் சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாக்கியம் இது: அந்த வெள்ளை வட்டத்துக்குள் பாக்டீரியா சாகவில்லை. உயிரோடு, எண்ணிக்கை குறையாமல் அப்படியே இருக்கிறது. பேச்சை மட்டும்தான் நிறுத்தியிருக்கிறது. அந்த ஊதா பாக்டீரியா வேறு, ரோஜாவுக்குக் கட்டி கொடுப்பது வேறு என்பதையும் நான் சொல்லவில்லை.

"முன்ன என்ன வச்சிருந்தீங்க?"

"பிளீச்சிங் தண்ணி" என்று முனிரத்னம்மா பதில் சொல்லி, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். "ஒரு நாளைக்கு நூறு தடவ முக்கறோம் இல்ல? தோலு உரிஞ்சி, சோறு பெசஞ்சா எரியும். மஞ்சத் தண்ணி வந்தப்புறம்தான் கை கையா இருக்குது. நீங்க நல்லா இருக்கணும் மேடம்."

ரீட்டா கஞ்சத்தனத்தால் மாற்றவில்லை. இந்தப் பெண்களின் கைக்காக மாற்றியிருக்கிறாள். மாற்றும் தைரியத்தைக் கொடுத்தது என் வகுப்பு. நோயுள்ள ஒரு செடியைக் கீறிய கத்தி பக்கெட்டுக்குள் போயிருக்கும். பக்கெட்டிலிருந்து மற்ற ஐந்து கத்திகளும் அதை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு செடியிலும் புதுக் காயத்துக்குள்ளேயே வைத்திருக்கும். பிடியில் அடையாளம் போட்டு, அடுத்தவர் தொடாமல் காப்பாற்றிய கத்திகள்.

இதை உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் பாக்கணும் ரீட்டா" என்று நழுவினேன். வெட்கமாக இருந்தது. பழியை மண்ணின் மேல் போடலாமா, கிணற்றுத் தண்ணீரின் மேல் போடலாமா என்று அரை மணி நேரம் மனம் அலைந்தது உண்மை. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. எல்லோரும் என்னை நம்பினார்கள்.

வியாழன் போக வேண்டிய வரிசையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நாற்பது செடியைப் பிடுங்கி வேரைக் கழுவினேன். இரண்டில் மிளகு அளவுக்கு வீக்கம். மீதி எல்லாம் வெள்ளை வேரோடு பளிச்சென்று இருந்தன. தேநீர் வந்தபோது ரீட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் வகுப்பைப் பற்றியும் சொன்னேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நாலாயிரத்துல எத்தனைக்கு இருக்குது?"

"தெரியாது."

"பாக்க நல்லாத்தானே இருக்குது அக்கா."

"இப்போ நல்லாத்தான் இருக்கும். ரெண்டு மாசமோ ஆறு மாசமோ கழிச்சு முனியப்பா நிலத்துல கட்டி வரும். வந்துட்டா அந்த மண்ணை விட்டுச் சுலபத்தில் போகாது."

அவள் முனியப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவர் பரம்பரையாக ராகி போட்டவர். கதிர் முற்றும் நேரத்தில் வருஷா வருஷம் காட்டிலிருந்து யானை வந்துவிடும். மரத்தில் பரண் கட்டி, இரவெல்லாம் முழித்திருந்து, தகரம் தட்டித் தட்டி அலுத்துப்போய்த்தான் ரோஜாவுக்கு மாறுகிறார். முள்செடிக்கு யானை வராது என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறார்.

"செடி போகாது" என்றாள் கடைசியில். "ஆனா நான் அவருகிட்ட சொல்லமாட்டேன். நீங்க சொன்னது, நீங்களே சொல்லுங்க."

"நம்பர் கொடு, போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"போன வருஷமும் போன்லதான் அக்கா சொன்னீங்க. அதனாலதான் இங்க வந்து நிக்கறோம்."

நேரில் போய்ச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். முனிரத்னம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "திரும்பவும் பிளீச்சிங்னா, எங்க கை?" என்று ஒரே கேள்வி கேட்டார். கையுறை என்றேன். ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, பட்டையின் ஈரம் விரலுக்குத் தெரியவில்லை என்று கழற்றிப் போட்டார். பிறகு அவரே எழுந்து போய், ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்தார். வாய் குறுகல், ஆழம் அதிகம். "இதுல மருந்து ஊத்தினா கத்தி மட்டும்தானே எறங்கும்? ஆளுக்கு ஒண்ணு, ஆளுக்கு ரெண்டு கத்தி. ஒண்ணு ஊறட்டும், ஒண்ணு வேல செய்யட்டும்." இருபது வருஷப் படிப்பில் எனக்குத் தோன்றாதது. சரி என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை ரீட்டாவும் நானும் தேன்கனிக்கோட்டை போய், அங்கிருந்து அஞ்செட்டி பஸ்ஸுக்காக ஒன்றரை மணி நேரம் நின்றோம். பஸ் வந்தது. காட்டுப்பாதையில் பாதி தூரத்தில் நின்றும் விட்டது. முன்னால் யானைகள் கடப்பதாக வனக்காவலர் கையைக் காட்டி நிறுத்தியிருந்தார். யாரும் பதறவில்லை. ஒருத்தி மடியில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பின் இருக்கைக் கிழவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். "அவங்க போற பாதையில நாமதான் ரோடு போட்டிருக்கோம்கறாரு" என்று ரீட்டா சொன்னாள். எங்கள் ஊர் மலைப்பாதையில் மண் சரிந்தால் இப்படித்தான் எல்லோரும் காத்திருப்போம், ஆனால் மண்ணுக்காக யாரும் பரிந்து பேசமாட்டோம்.

முனியப்பாவின் நிலம் காட்டை ஒட்டி இருந்தது. பாத்திகளை நூல் பிடித்த மாதிரி கட்டியிருந்தார். சொட்டுநீர்க் குழாய்கள் புத்தம் புதிதாகக் கறுப்பாக ஓடின. எங்களைக் கண்டதும், "நாளைக்குத்தானே செடி? இன்னைக்கே வந்துட்டீங்க" என்றார். நான் உட்காராமல் சொன்னேன். பக்கெட், கத்தி, மஞ்சள், என் வகுப்பு எதையும் விடவில்லை. ரீட்டா எனக்குப் பக்கத்தில் நின்று, தேவையான இடத்தில் கன்னடத்தில் சொன்னாள். என் பங்கைக் குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். "இதுல வரலியே?"

"வரலை. செடி வந்திருந்தா வந்திருக்கும்."

"அப்ப சரி" என்று மண்ணைப் பாத்தியிலேயே போட்டார். "தப்பா சொல்லிட்டேன்னு சொல்றதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?"

"ஆமாங்க."

மோர் கொண்டுவரச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. நல்ல செடி தயாராக இன்னும் ஏழெட்டு மாதம் ஆகும் என்று ரீட்டா சொன்னாள். அவர் பாத்திகளைப் பார்த்துக்கொண்டே மோரைக் குடித்து முடித்தார்.

"அதுவரைக்கும் மண்ணு சும்மா கெடக்கக் கூடாது மேடம். இதுல என்ன போடலாம்? அந்தக் கட்டி வராததா சொல்லுங்க."

உறுதியாகத் தெரிந்த ஒரு விஷயத்தை அவர் கேட்டுவிட்டார் என்ற நிம்மதியில் நான் முந்திக்கொண்டேன். "ராகி போடுங்க. ராகிக்கு அந்த நோய் வரவே வராது."

ரீட்டா என் கையைப் பிடித்தாள். அதற்குள் சொல்லி முடித்திருந்தேன்.

முனியப்பா முகத்தில் கோபம் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டார். வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியிடம் கன்னடத்தில் உரக்க ஏதோ கேட்டார். உள்ளே இருந்து பதில் வந்தது. நான் ரீட்டாவைப் பார்த்தேன்.

"பரண் கட்டின கட்டையெல்லாம் எங்கன்னு கேக்கறாரு" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். "இனிமே வேணாமேன்னு அடுப்புல வச்சிட்டேன்னு சொல்றாங்க."

முனியப்பா டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவரில் சாத்தியிருந்த கோடரியை எடுத்துக்கொண்டு மரம் பார்க்கப் போனார்.